புஷ்கர் ஒட்டகச் சந்தை: பௌர்ணமிக்கு முன்பே போய்ச் சேருங்கள்

புஷ்கருக்குப் போய்விட்டு “ஒட்டகத்தையே காணோமே” என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கார்த்திகைப் பௌர்ணமியைக் குறிவைத்துப் போனவர்கள். ராஜஸ்தானில் அஜ்மீரை ஒட்டியிருக்கும் இந்தச் சிற்றூரில் அந்த நாட்களில் இரண்டு கூட்டங்கள் கூடுகின்றன. ஒன்று கால்நடைச் சந்தை. மற்றொன்று ஏரியில் நீராட வரும் பக்தர் கூட்டம். அரசு அறிவிக்கும் தொடக்க நாளுக்குச் சில நாள் முன்பே வியாபாரிகள் மந்தையோடு வந்து மணலில் இறங்கிவிடுவார்கள். விற்று முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். பக்தர் கூட்டமோ ஏகாதசியன்று பெருகத் தொடங்கிப் பௌர்ணமியன்று நெரிசலாகிவிடும். அன்று மைதானத்தில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சவாரிக்கு விடும் ஒட்டகங்கள்தான்.

தேதியில் நம்மவர்கள் சறுக்குவது சகஜம். தமிழ்க் காலண்டரின் கார்த்திகை மாதத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே சாந்திரமானக் கணக்கு: தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் பௌர்ணமிதான் அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி. பல ஆண்டுகளில் அது நமக்கு ஐப்பசிப் பௌர்ணமியாக, சிவன் கோயில்களில் அன்னாபிஷேக நாளாக அமைந்துவிடும். 2024இல் அது நவம்பர் 15. திருவண்ணாமலை தீபமோ டிசம்பர் 13. 2025இல் நவம்பர் 5. 2026இல் நவம்பர் 24.

அந்தப் பௌர்ணமியிலிருந்து 9 நாள் பின்னோக்கி எண்ணி, அன்று புஷ்கரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். மூன்று இரவு தங்கினால் வியாபாரத்தையும் பார்க்கலாம், தொடக்க விழாவின் நகாரா (முரசு) முழக்கத்தையும் முதல் நாள் போட்டிகளையும் பார்த்துவிடலாம். டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஆண்டு கால்நடைகளுக்கு அனுமதி உண்டா என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். 2022இல் தோல் கட்டி நோய் பரவியதால் கால்நடைகள் இல்லாமலேயே விழா நடந்தது.

போய்ச் சேருவது எளிது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஜெய்ப்பூருக்கு நேரடி ரயில் உண்டு. ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் சுமார் 130 கி.மீ. அங்கிருந்து நாக மலையைத் தாண்டும் மலைப்பாதையில் பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணியில் புஷ்கர். விழா நாட்களில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். சக்கரம் வைத்த பெட்டி மணலில் உருளாது, முதுகுப் பைதான் சரி. அறை வாடகை பல மடங்கு ஏறும் என்பதால் சில மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் அஜ்மீரில் தங்கி விடியற்காலையில் வந்து சேரலாம்.

சந்தைக்குள்

சூரியன் எழும்போதே மணல்மேட்டுப் பக்கம் போய்விடுங்கள். காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள்தான் பேரம் சூடுபிடிக்கும், தீனி வைப்பார்கள், அலங்காரத்துக்கு முடி கத்தரிப்பார்கள். பத்து மணிக்கு மேல் புழுதியும் வெயிலும். மாலை 4 மணிக்கு மேல் மறுபடி போகலாம், ஆனால் அப்போது வேடிக்கை பார்ப்பவர்கள்தான் அதிகம்.

ஒட்டகத்தின் வயதைப் பல்லில்தான் பார்க்கிறார்கள். நம் மாட்டுச் சந்தைகளில் “ரெண்டு பல்லு, நாலு பல்லு” என்பது போலத்தான். கீழுதட்டை இழுத்துப் பிடித்து நடுப்பற்களைப் பார்ப்பார்கள்: பால் பல் விழுந்து நிலைப்பல் வந்திருந்தால் ஏறக்குறைய 5 வயது, கடைசி முன்பல்லும் வந்துவிட்டால் 7. பிறகு எழுப்பி, நடக்கவிட்டு, உட்காரவைத்துப் பார்ப்பார்கள். உட்காரத் தயங்கினால் காலில் கோளாறு இருக்கலாம். இனத்தையும் கண்ணாலேயே பிரிக்கலாம். பிகானேரி ஒட்டகம் கனமான உடம்பு, கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு பள்ளம், சிலவற்றுக்குக் காதிலும் இமையிலும் அடர்ந்த முடி. பாரம் இழுக்கத் தோதானது. ஜெய்சல்மேரி நெட்டைக் கால், சின்னத் தலை, மெலிந்த உடம்பு. சவாரிக்கும் ஓட்டத்துக்கும் ஏற்றது.

இது ஆண் ஒட்டகங்களுக்கு மதம் ஏறும் பருவம். வாயோரம் நுரை தள்ளி, சிவந்த பை போன்ற சதையை வெளியே துருத்திக் களகளவென்று சத்தம் போடும் ஒட்டகத்திடமிருந்து சில மீட்டர் விலகியே நில்லுங்கள். கடித்தால் எலும்பு நொறுங்கும். பின்னால் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முன்னங்காலாலும் பக்கவாட்டிலும் உதைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சவாரி ஏறும் முன், கயிறு கட்ட மூக்கில் குத்தியிருக்கும் குச்சியைப் பாருங்கள், புண்ணோ சீழோ இருந்தால் வேறு ஒட்டகம் தேடுங்கள். எழும்போது முதலில் பின்னங்கால் நிமிரும், ஆள் முன்னால் சரிவார். அதனால் ஏறி உட்கார்ந்ததுமே சேணத்தின் முன்பிடியைப் பற்றிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் அதே சாய்வுதான். பெரும்பாலோர் விழுவது சவாரியில் அல்ல, இறங்கும் அவசரத்தில்.

குதிரைப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். நாட்டின் ஒட்டகங்கள் 2012இல் சுமார் 4 லட்சம், 2019 கணக்கெடுப்பில் சுமார் 2.5 லட்சம். 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, 2015இல் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பிறகு வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். ஒட்டகம் வளர்க்கும் ரைகா சமூகத்தாரிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் குறை முதலில் வரும். இப்போது பெரிய தொகை கைமாறுவது மார்வாரிக் குதிரைகளில். உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுதான் அவற்றின் அடையாளம். நம் ஊரைப் போல அங்கும் சுழி பார்த்துத்தான் வாங்குவார்கள்.

படம் எடுக்கும் முன் “ராம் ராம் சா” என்று கும்பிட்டு, கேமராவைக் காட்டிச் சைகையில் கேளுங்கள். ராவணஹத்தா என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவரையோ அலங்காரம் செய்த ஒட்டகத்தையோ எடுத்தால் காசு கேட்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. எடுக்கும் முன்பே தொகை பேசிவிட்டால் சண்டை இல்லை.

மைதானத்து அரங்கில் மீசைப் போட்டி, தலைப்பாகை கட்டுதல், பானை சுமந்து ஓடுதல், ஒட்டக அலங்காரம் எல்லாம் உண்டு. மாலையில் கால்பேலியா நடனம் இருக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள்.

ஏரிக்கரையில்

ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள். செருப்பைத் தள்ளியே கழற்ற வேண்டும், குளிப்பவர்களைப் படம் எடுக்கவே கூடாது. யாராவது கையில் பூவைத் திணித்து ஏரியில் விடச் சொன்னால் அது பூஜைக்கு அழைப்பு. விருப்பமில்லையென்றால் வாங்காதீர்கள். விருப்பம் இருந்தால் உட்காரும் முன் தட்சிணையைப் பேசி முடியுங்கள். சங்கல்பத்தின் நடுவே ஒரு பெரிய தொகையைக் காணிக்கையாகத் தருவதாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், வாயைத் திறக்காதீர்கள்.

பிரம்மா கோயிலுக்குப் பை இல்லாமல் போவது நல்லது. ரங்கஜி கோயிலின் தென்னிந்தியக் கோபுரம் நம்மவர்களைச் சற்று நிற்க வைக்கும். ஊருக்குள் அசைவம், முட்டை, மது எதுவும் கிடையாது. ரபடியில் (சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால்) ஊறிய மால்புவா என்ற இனிப்புப் பணியாரம் கிடைக்கும், காலையில் கச்சோரி. சூடாகப் பொரித்துத் தருகிற கடையாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

பகலில் 30 டிகிரியை ஒட்டும் வெயில், இரவில் 12 டிகிரிக்கு இறங்கும் குளிர். பருத்தி உடை, ஒரு ஸ்வெட்டர், புழுதிக்கு மூக்கை மறைக்க மெல்லிய துண்டு, மூடிய காலணி போதும். மணலில் முள்விதைப் புல் உண்டு, கம்பளிக் காலுறையில் ஒட்டினால் பிடுங்கித் தீராது. நெரிசலில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் 50, 100 ரூபாய் நோட்டுகளாகப் பணம் வைத்திருங்கள்.

நீராடும் எண்ணமில்லை என்றால் ஏகாதசிக்கு முந்தைய நாளே கிளம்பிவிடுங்கள். அதன்பின் அஜ்மீர் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சுற்றுலாக் கூட்டம் குறைந்த சந்தைதான் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில் நாகௌருக்குப் போங்கள். அங்கே நாகௌரிக் காளைகள்தான் பெயர் பெற்றவை.