டோங்கா மரச் சிற்பமா? கவிழ்த்துத் தட்டிப் பாருங்க

பசிபிக் தீவு நாடான டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில், தலமாஹு சந்தையில் செதுக்கிய தடியோ, காவா என்ற வேர்ப்பானம் ஊற்றும் கிண்ணமோ வாங்கினால், காசு கொடுக்கும் முன் வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து நாலு தட்டு தட்டுங்கள். மாவு போலத் தூள் கொட்டி, மரத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டையும் தெரிந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இறங்கும்போது மரப்பொருளை அறிவித்தே ஆக வேண்டும். பூச்சி இருந்தால் மருந்துப்புகை போடும் செலவு நம் தலையில்தான்.

புதிதாகச் செதுக்கியதில் முக்கோண வரிகளுக்குள் உளித்தூள் தங்கியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி தட்டுங்கள். உள்ளே இருக்கும் புழு வண்டாகி இன்னும் துளைத்து வெளியே வராத மரத்தில் மட்டும் இந்த வித்தை பலிக்காது.