சுருள்முடியும் ரிலாக்சர் இட்ட முடியும் நாள் முழுவதும் வறளாமல் இருக்க

இறுக்கமாகச் சுருண்ட முடியில், தலைத்தோலில் ஊறும் இயற்கையான எண்ணெய் வளைவுகளைக் கடந்து நுனி வரை எளிதில் இறங்குவதில்லை. ரிலாக்சர் என்னும் ரசாயனக் கிரீம் இட்டு நேராக்கிய முடியிலோ, அந்தக் கிரீமில் உள்ள காரத்தன்மையால் முடியின் மேலுறை சிதைந்திருப்பதால், உள்ளே சென்ற ஈரம் விரைவில் வெளியேறிவிடுகிறது. காலையில் நன்றாக இருந்த நுனி மதியத்திற்குள் சொரசொரப்பாவதற்குக் காரணம் இதுதான்.

உடனே பலரும் மேலும் மேலும் எண்ணெய் தடவுகிறார்கள். எண்ணெய் ஈரம் தராது. இருக்கும் ஈரத்தைத் தங்கவைக்க மட்டுமே உதவும். ஆகவே, சிறிய ஸ்ப்ரே பாட்டிலில் 3 பங்கு தண்ணீருடன், அலசத் தேவையில்லாத கண்டிஷனர் 1 பங்கு கலந்து கையோடு வைத்துக்கொண்டு, முடி வறண்டதாகத் தோன்றும்போது நுனிப்பகுதியில் மட்டும் லேசாகத் தெளித்து, விரல்களால் மேலிருந்து கீழாக நீவிவிட்ட பிறகு, இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கைகளில் தேய்த்து அதன்மேல் ஒற்றிவிடுங்கள். தண்ணீர் கலந்த கண்டிஷனர் விரைவில் கெட்டுவிடும் என்பதால், கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். சுருள்முடி சுருங்கிச் சிக்காகிவிடும். ரிலாக்சர் இட்ட முடியோ, நனைந்த நிலையில் இழுத்தால் எளிதில் அறுந்துவிடும், அதிலும் புதிதாக வளர்ந்த முடி பழையதோடு சேரும் இடம் மிகவும் பலவீனமானது.

இரவில் தலையில் சாட்டின் துணியைக் கட்டிக்கொண்டு உறங்கினால், பருத்தித் தலையணை உறையில் முடி உரசி வறள்வது குறையும். மறுநாள் தெளிக்க வேண்டிய தேவையும் அந்த அளவுக்குக் குறையும்.