எபிக்குக்கு ஒப்புதல்: ஏஜைல் போர்ட்ஃபோலியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஜைல் என்றால் வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்து, அடிக்கடி பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் முறை. ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று), ஸ்டாண்ட் அப் (தினசரிச் சிறு கூட்டம்), ரெட்ரோ (சுற்று முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) எல்லாம் ஒழுங்காக நடக்கிற நிறுவனங்களில்கூட, பெரிய வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் விதம் பழையபடியே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பட்ஜெட் கூட்டம், கனமான பிபிடி, ஸ்டீரிங் கமிட்டி, கடைசியில் ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் "இது இன்னும் தேவைதானா?" என்று யாரும் கேட்பதில்லை. டீம்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ காட்டிக்கொண்டே இருக்கும். மேலே எடுத்த முடிவு மட்டும் அசையாது. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் பல டெலிவரி டீம்களுக்கு இந்த முடிவு வேறொரு நாட்டில் எடுக்கப்பட்டு, முடிக்க வேண்டிய தேதியோடு வந்து இறங்குகிறது. அதனால் இது மேலாளர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. வேலை செய்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஒப்புதல் எப்படி நடக்க வேண்டும்? சேஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஸ்கேல்டு ஏஜைல் ஃபிரேம்வொர்க் 2011-இல் வெளிவந்தது. பெரிய நிறுவனங்களில் இன்று அதிகம் புழங்குவதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு டீமுக்குள் அடங்காத, கணிசமான முதலீடு கேட்கும் வேலைக்கு அதில் எபிக் என்று பெயர். நிறுவனம் பணம் போடும் பெரிய வேலைகளின் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. எபிக் ஒவ்வொன்றும் அதன் கான்பன் பலகையில், அதாவது வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பலகையில், நகர்கிறது. முதல் நிலையான ஃபன்னலில் யார் வேண்டுமானாலும் யோசனையைப் போடலாம். ரிவ்யூயிங்கில் அதற்கு எபிக் ஓனர் என ஒருவர் பொறுப்பேற்று, அதை ஒரு கருதுகோளாக எழுதுகிறார். அனலைசிங்கில் மாற்று வழிகள், செலவு, எம்விபி (கருதுகோளைச் சோதிக்கக் கட்டும் மிகச் சிறிய வடிவம்) ஆகியவற்றை ஆராய்ந்து லீன் பிசினஸ் கேஸ் என்ற சுருக்கமான முதலீட்டு விளக்கம் தயாராகிறது. அதைப் பார்த்து போர்ட்ஃபோலியோவுக்குப் பொறுப்பானவர்கள் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' என்கிறார்கள். 'போகலாம்' என்றால் எபிக் ரெடி நிலைக்கு வந்து ஆள் கிடைக்கும்வரை காத்திருக்கும். பிறகு செயல்படுத்தல், கடைசியில் டன், அதாவது முடிந்தது.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது அந்த 'போகலாம்' என்ற சொல்லைத்தான். அந்த இடத்தில் ஒப்புதல் கிடைப்பது முழுத் திட்டத்துக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கிடைப்பது எம்விபிக்கு மட்டும். நம் கருதுகோள் சரியா என்று பார்க்கப் போதுமான சிறிய பகுதியைக் கட்ட மட்டுமே அந்தப் பணம். எம்விபி வெளியே போய் ஆதாரம் வந்த பிறகு இரண்டாவது முடிவு ஒன்று உண்டு: தொடர்வதா, திசை மாற்றுவதா, நிறுத்துவதா. இந்த இரண்டாவது முடிவு காலண்டரில் இல்லாவிட்டால், எந்தப் பலகை வைத்திருந்தாலும் நீங்கள் செய்வது கட்டத்துக்குக் கட்டம் கையெழுத்து வாங்கி நகரும் பழைய ஸ்டேஜ் கேட் முறைதான்.

முழுப் பணத்தையும் முன்பே ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்பிஐ நல்ல உதாரணம். சேஃபுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒப்புதலின் அமைப்பைப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் விர்ச்சுவல் கேஸ் ஃபைல் திட்டத்தை, சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பிறகு, 2005-இல் கைவிட்டார்கள். அடுத்ததாக சென்டினல் என்ற திட்டம் 2006-இல் தொடங்கியது. நான்கு கட்டங்கள், 42.5 கோடி டாலர், 2009 இறுதியில் முடிவு என்று திட்டம். பிறகு பட்ஜெட் 45.1 கோடி ஆனது. 2010 ஆகஸ்டில் பார்த்தால் சுமார் 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கில் இரண்டு கட்டங்கள்தான் கைக்கு வந்திருந்தன. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு பணம் போனபின் பாதி வேலை மிச்சம் இருக்கும்போது, 'நிறுத்தலாமா' என்ற கேள்விக்கு எந்தப் பதிலும் வலிக்கும். எஃப்பிஐ பிரதான ஒப்பந்த நிறுவனத்தின் பங்கைக் குறைத்து, வேலையைத் தன் பொறுப்பில் எடுத்து, சிறிய குழுவோடு இரண்டு வார ஸ்பிரின்ட்களில் செய்தது. 2012 ஜூலையில் சென்டினல் முழுதாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடுகிற மென்பொருளைக் கண்ணால் பார்க்க முடிந்ததால், பணம் எங்கே போகிறது என்பது அறிக்கையை நம்பி முடிவெடுக்கிற விஷயமாக இல்லாமல் போனது.

அடுத்த தவறு கருதுகோள் எழுதுவதில். "வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்தி, டிஜிட்டல் மாற்றத்தை விரைவுபடுத்துதல்" என்று எழுதிய எபிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இதைப் பொய் என்று நிரூபிக்க வழியே இல்லை, அதனால் நிறுத்தவும் வழியில்லை. ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் கேஷ்லெஸ் கோரிக்கைகளைத் தானாகப் பரிசீலிக்கும் வசதி கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இரண்டு மருத்துவமனைகளில், கண்புரை அறுவைக்கு மட்டும், ஆறு வாரம் ஓட்டிப் பார்ப்போம். பாதிக்கு மேற்பட்ட கோரிக்கைகள் ஊழியர் தலையிடாமல் முடிய வேண்டும். தவறான அனுமதி இப்போதைய அளவைத் தாண்டக் கூடாது" என்று எழுதினால் ஆறாவது வார முடிவில் எல்லோருக்கும் ஒரே பதில்தான் தெரியும். கவனியுங்கள், இதில் வருமானம் என்ற சொல்லே இல்லை. வருமானம் இரண்டு வருடம் கழித்துத் தெரியும். அதற்குள் முழுப் பணமும் போயிருக்கும். சீக்கிரம் தெரியக்கூடிய அளவுகோலைத்தான் லீடிங் இன்டிகேட்டர் என்கிறார்கள். அது இல்லாத எபிக்கை அனலைசிங்கைத் தாண்ட விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே போல எம்விபியை 'முதல் கட்டம்' என்று நினைப்பதும் வழக்கமாகிவிட்டது. பதினான்கு மாத எம்விபி என்றால், அது எம்விபி என்று பெயர் வைத்த திட்டம்.

இப்போது வரிசைப்படுத்துவதற்கு வருவோம். எந்த எபிக் முதலில் என்று சொல்லும் டபிள்யூஎஸ்ஜேஎஃப் (வெயிட்டட் ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்) கணக்கு எளிது: தாமதத்தின் விலையை வேலையின் அளவால் வகுக்க வேண்டும். தாமதத்தின் விலை மூன்று ஒப்பீட்டு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை: பயனருக்கும் தொழிலுக்கும் உள்ள மதிப்பு, கால நெருக்கடி, அபாயம் குறைப்பது அல்லது புது வாய்ப்புத் திறப்பது. ஒரு வங்கியின் பட்டியலில் இரண்டு எபிக்குகளை மட்டும் பார்ப்போம். புதிய மொபைல் ஆப்: மதிப்பு 13, நெருக்கடி 3, அபாயம் 5, ஆக 21. அளவு 13. வகுத்தால் சுமார் 1.6. ஒழுங்குமுறை அறிக்கை மாற்றம்: 5, 13, 3, இதுவும் 21. ஆனால் அளவு 5 என்பதால் 4.2. இரண்டுக்கும் தாமதத்தின் விலை ஒன்றுதான். சின்ன வேலை முன்னால் போகிறது. கணக்கு சொல்வது இவ்வளவுதான்.

இதில் நடக்கும் தவறு, எந்த எபிக் முதலில் வர வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப எண்களைப் போடுவது. மதிப்பை பிசினஸ் ஆட்களும், அளவை அந்த வேலையைச் செய்யப்போகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்டால் இது பெருமளவு குறையும். இன்னொன்று, எண்களைத் தொங்கவிட்டு மறந்துவிடுவது. ஒழுங்குமுறை ஆணையம் கடைசித் தேதியை ஒரு வருடம் தள்ளிவைத்தால் அறிக்கை மாற்றத்தின் கால நெருக்கடிக்குப் போட்ட 13 உடனே குறைய வேண்டும். போன காலாண்டின் வரிசையை இந்தக் காலாண்டில் அப்படியே ஓட்டுவது கணக்கே போடாததற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்வதும் ஆபத்து. பெரிய மனிதர் கொண்டுவந்த எபிக், மறுத்தால் மனஸ்தாபம் என்று பத்து எபிக்குக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, அத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். அதே ஆர்க்கிடெக்ட், அதே டேட்டாபேஸ் டீம், அதே செக்யூரிட்டி ரிவ்யூ பத்துக்கும் நடுவில் அலைய, ஒன்றும் முடிவதில்லை. பலகையில் ஃபன்னலைத் தவிர வேலை நடக்கும் நிலைகளுக்கு விப் வரம்பு (ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற உச்சவரம்பு) வைப்பது இதற்காகத்தான். செயல்படுத்தலில் இடம் காலியானால்தான் ரெடியிலிருந்து அடுத்தது வரும். இந்த வரம்பை ஒரு முறை உடைத்தாலும் அடுத்தவர் அதை முன்னுதாரணமாகக் காட்டுவார். அதனால் முதல் விதிவிலக்கைத்தான் மிகவும் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

எந்தத் தொகைக்கு மேல் போர்ட்ஃபோலியோ ஒப்புதல் வேண்டும் என்ற வரம்பிலும் சிக்கல் உண்டு. வரம்பு மிகத் தாழ்வாக இருந்தால் சின்ன வேலைகூட மேலே போய்க் காத்துக்கிடக்கும். வரம்புக்குக் கீழே இருக்கட்டும் என்று ஒரே வேலையை நான்காக உடைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தண்டிப்பதற்கு முன் ஒப்புதலுக்கு எவ்வளவு நாள் ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

டெக்னிக்கல் எபிக்குகளின் கதை தனி. பழைய சர்வரை மாற்றுவது, பில்டைத் தானியங்கியாக்குவது போன்றவை பிசினஸ் மதிப்பில் ஆப்போடு போட்டி போட்டால் எப்போதும் தோற்கும். அதனால் இவற்றை எனேப்ளர் எபிக் என்று தனியாக அடையாளம் காட்டி, டீம்களின் வேலைக் கொள்ளளவில் ஒரு பங்கை முன்பே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கெஞ்சி வாங்கும் நிலைமை இருந்தால், சிஸ்டம் விழுந்த அன்றுதான் ஒப்புதல் கிடைக்கும்.

நிராகரிப்பதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். யோசனை கொடுத்தவருக்கு என்ன காரணம், எது மாறினால் மறுபடி கொண்டுவரலாம் என்று இரண்டு வரி எழுதி, பலகையில் அந்த எபிக்கின் அட்டையை டன் நிலைக்கு நகர்த்துங்கள். பதிலே சொல்லாமல் ஃபன்னலில் கிடக்க விட்டால், அடுத்த முறை அவர் பலகைக்கே வர மாட்டார். நேரே தெரிந்த இயக்குநரிடம் போவார்.

கருதுகோள் நிரூபணமான பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. எபிக் வென்றுவிட்டது என்பதற்காக முதலில் எழுதிய எல்லா ஃபீச்சரையும் கட்டியே தீருவது. மிச்சமுள்ள ஃபீச்சர்கள் அந்தந்த ரிலீஸ் ட்ரெயினின் (சேர்ந்து வேலை செய்யும் டீம்களின் தொகுதி) பேக்லாகில், அதாவது செய்ய வேண்டியவற்றின் பட்டியலில், போய், மற்ற வேலைகளோடு தங்கள் சொந்த மதிப்பில் போட்டி போட வேண்டும். காப்பீட்டு உதாரணத்தில் கண்புரைக்கும் பிரசவத்துக்கும் தானியங்கிப் பரிசீலனை நன்றாக ஓடுகிறது, அரிய அறுவைகளுக்கு மாதத்துக்கு நான்கு கோரிக்கைதான் வருகிறது என்றால், அந்த நான்கை ஊழியர் பார்த்துக்கொள்ளட்டும். எபிக்கை அங்கேயே மூடி, டீமை அடுத்த வேலைக்கு விடுங்கள்.