குதிரை வண்டியைப் பார்த்து மெனோனைட்டுகளை இனம்பிரிக்காதீர்கள்

மெனோனைட்டுகள் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; ஆமிஷ் அவர்களிடமிருந்து பிரிந்தவர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குதிரை வண்டி கண்ணில் பட்டதும் 'ஆமிஷ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டுபவர் பழைய வாழ்க்கை ஒழுங்கைக் காக்கும் 'ஓல்ட் ஆர்டர்' மெனோனைட்டாகவும் இருக்கலாம். அங்கே ஆமிஷ் வண்டி சாம்பல் நிறம், ஓல்ட் ஆர்டரில் கிராஃப்டேல் பிரிவு மெனோனைட்டுகளின் வண்டி கறுப்பு. ஆனால் ஒஹாயோவில் ஆமிஷ் வண்டியும் கறுப்புதான், ஆகவே நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். முகத்தைப் பாருங்கள்: மணமான ஆமிஷ் ஆண் தாடி வளர்ப்பார், கிராஃப்டேல் ஆண் மழித்திருப்பார். ஆமிஷ் வீடுகளில் கூடி ஆராதிப்பார்கள். கிராஃப்டேலாருக்குத் தனி ஆராதனைக் கூடம் உண்டு.

பிரிந்தாலே உபதேசமும் வேறு என்று நினைப்பது அடுத்த பிழை. கிராஃப்டேலார் 1927இல் பிரிந்தது காரை ஏற்க மறுத்து. காரை ஏற்ற வீவர்லேண்ட் பிரிவினரோடு இன்றும் சில கூடங்களை ஞாயிறு விட்டு ஞாயிறு பகிர்ந்துகொள்கிறார்கள். கிராஃப்டேலாருக்கு டிராக்டர் உண்டு, ஆனால் இரும்புச் சக்கரத்தோடு. ரப்பர் டயர் போட்டால் அதுவே காராகிவிடும் என்ற கவலை!

'ஓல்ட் ஆர்டர்', 'ஓல்ட் காலனி' இரண்டையும் குழப்புவோர் ஏராளம். முன்னவர் பெரும்பாலும் சுவிஸ்-தென் ஜெர்மன் வழி, பேசுவது பென்சில்வேனியா டச்சு என்ற ஜெர்மன் வட்டார மொழி. பின்னவர் நெதர்லாந்திலிருந்து பிரஷ்யா, உக்ரைன், கனடா வழியாக 1922 முதல் மெக்சிகோவின் சிவாவாவில் குடியேறியவர்கள், பேசுவது பிளாவுட்டீச் என்ற வட ஜெர்மன் வட்டார மொழி.

மெனோனைட்டுகளுக்குப் பெயர் தந்த மென்னோ சைமன்ஸை ஸ்தாபகர் என்பதும் சரியல்ல. இயக்கம் 1525இல் சூரிச்சில் தொடங்கியது; அவர் கத்தோலிக்கக் குருப்பட்டத்தை விட்டு வந்தது 1536இல். ஆமிஷ்தான் பழையவர்கள் என்பதும் தலைகீழ். சபைநீக்கம் செய்யப்பட்டவரோடு உண்ணலாமா என்ற சர்ச்சை முற்றி, யாகோப் அம்மான் 1693இல் பிரிந்தார்; அவர் வழி வந்தவர்களே ஆமிஷ். பிற்காலத்தில் ஆமிஷாரில் பலர் மெனோனைட் சபைகளிலேயே மீண்டும் கலந்தார்கள்.

ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவருக்கா என்பது மெனோனைட்டுகளுக்குள் சர்ச்சையே அல்ல, விசுவாசிக்கு மட்டும்தான். முறையில்தான் வேறுபாடு: பலர் தண்ணீர் ஊற்றுவார்கள், 1860இல் உக்ரைனில் பிரிந்த மெனோனைட் பிரதரன் முழுக்குக் கொடுப்பார்கள். தெலங்கானா சபைகள் இந்தப் பிரதரன் வழி; சத்தீஸ்கரின் தம்தரியில் 1899இல் தொடங்கிய பணி அமெரிக்க மெனோனைட் வழி. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

2002இல் அமெரிக்காவின் இரு பெரும் பிரிவுகள் இணைந்தன. அதற்கு வழி அமைத்தது 1995இன் 24 அம்சங்கள் கொண்ட பொது விசுவாச அறிக்கை. ஆனால் 'எல்லாரும் ஒன்றானார்கள்' என்று எழுதாதீர்கள்: பிரதரன் சேரவில்லை, ஓல்ட் ஆர்டர் சேரவில்லை, சேர்ந்திருந்த லங்காஸ்டர் பேரவையும் பின்னர் வெளியேறியது.

எண்ணிக்கையிலும் கவனம். உலக மெனோனைட் மாநாடு தருவது ஞானஸ்நானம் பெற்றோர் கணக்கு. குழந்தைகள் அதில் இல்லை.