அம்மாவின் மெடிகேர்: மளிகை அட்டை கடைசியில்

மெடிகேர் என்பது அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதில் பல் வைத்தியம், மளிகை வாங்க உதவும் அட்டை என்று விளம்பரம் செய்யும் தனியார் திட்டத்தில் உடனே சேர்வதுதான் பிழை. அம்மாவுக்குச் சரிவந்த வரிசை இது.

வருமானம் குறைவென்றால், முதலில் மாநில மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவ உதவி) அலுவலகத்தில் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராமுக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் டாக்டர் செலவுகளுக்கான பார்ட் பி பகுதியின் மாதக் கட்டணத்தை (2025இல் 185 டாலராக இருந்தது) மாநிலமே கட்டும். மருந்துச் செலவைக் குறைக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப்பும் தானாக வரும். எந்த மளிகை அட்டையும் இதற்கு ஈடாகாது என்பேன்.

பிறகு மெடிகேர் இணையதளத்தில் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டும் பிளான் ஃபைண்டரில் ஒவ்வொரு மருந்தையும் மில்லிகிராம், மாத எண்ணிக்கை, மருந்துக்கடையோடு பதியுங்கள். மாதக் கட்டணம் பூஜ்யம் என்பதைப் பார்க்காமல் ஆண்டு மொத்தச் செலவை ஒப்பிடுங்கள். டாக்டர் அலுவலகத்தில் திட்டத்தின் முழுப்பெயரைச் சொல்லி, அதை ஏற்கிறார்களா என்று கேளுங்கள்; ஒரே கம்பெனியின் இரு திட்டங்களுக்கு நெட்வொர்க் (திட்டத்தில் உள்ள டாக்டர்களின் பட்டியல்) வேறாக இருக்கலாம்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றினால் ஜனவரி 1இல் நடைமுறைக்கு வரும்.