மரத்தழையை ஆட்டுத் தீவனமாக்கும் முறை: சிங்கப்பூரிலிருந்து ஊர்த் தோட்டத்தைக் கவனிப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் சாலையோர மரங்களைக் கவாத்து செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கு, லாரி நிறையப் பச்சைத் தழை ஏறும்போதெல்லாம் ஊரில் வைக்கோலை மென்றுகொண்டு நிற்கும் ஆடுகளின் நினைவு வருவது இயல்பு. எனக்கும் அப்படித்தான். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கரும் எட்டு ஆடுகளும் உண்டு. மரத்தழை பற்றி நான் வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லிவந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வைக்கோலில் புரதம் 3 அல்லது 4 விழுக்காடுதான் இருக்கும். சூபாபுல், அகத்தி, கிளைரிசிடியா ஆகிய மரங்களின் இலையிலோ, காய்ந்த எடையில் கணக்கிட்டால், 20 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் உண்டு. அமாவாசையன்று பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கம், மாட்டின் பக்கமிருந்து பார்த்தாலும் நல்ல வழக்கமே. புல் கருகிய சித்திரையிலும் ஆழ வேரோடிய மரம் பச்சையாக நிற்கும். ஆனால் கோடை வந்தபின் கண்ணில் பட்ட மரத்தை மொட்டையடிப்பதால் ஒரு வாரத் தீவனம் மட்டுமே கிடைக்கும். தழையையும் நெல்லைப் போல ஒரு பயிராகக் கருதி நட்டு, முறை வைத்து அறுக்க வேண்டும்.

வரப்பிலும் வேலியோரத்திலும் ஒரு மீட்டர் இடைவெளியில் நடுவதற்குச் சவுண்டல் என்று அழைக்கப்படும் சூபாபுல் ஏற்றது. அதன் விதைத்தோல் கடினமானது என்பதால், கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் நான்கைந்து நிமிடம் போட்டெடுத்து, பிறகு ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கிளைரிசிடியாவுக்கு விதை தேவையில்லை. முற்றிய கிளையைப் போத்தாக வெட்டி, மழை தொடங்கும்போது ஊன்றினால் வேர் பிடித்துவிடும். முதல் ஆண்டில் ஆடு வாய் வைக்காமல் காப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை.

மரம் ஆள் உயரத்தைத் தாண்டி, அடித்தண்டு தடித்த பிறகு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் விட்டு வெட்டலாம். வரிசையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி என வெட்டி வந்தால், ஒன்பதாம் வாரத்தில் முதல் பகுதி மீண்டும் தழைத்திருக்கும். கோடையில் இந்த இடைவெளியை நீட்டிக்க வேண்டும். வெட்டு சாய்வாக இருந்தால் நீர் தேங்காது, தண்டும் அழுகாது. அகத்திக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. நடுத்தண்டைத் திரும்பத் திரும்ப வெட்டினால் அது பட்டுப்போகும் என்பதால், பக்கக் கிளைகளை மட்டும் ஒடிக்க வேண்டும்.

சூபாபுல்லை அளவோடுதான் கொடுக்க வேண்டும். அதிலுள்ள மிமோசின் என்னும் பொருள் மிகுந்தால் ஆட்டுக்கு முடி உதிரும், வாயில் எச்சில் ஒழுகும், கழுத்தில் தைராய்டு வீங்கும். ஹவாய்த் தீவுகளின் ஆடுகள் அதே தழையைத் தீங்கின்றித் தின்பதைக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்த நஞ்சைச் சிதைப்பதைக் கண்டறிந்தார். 1992ஆம் ஆண்டில் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையொட்டியே பெயரிடப்பட்டது. நம் ஆட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்தறிய முடியாது. ஆகவே மொத்தத் தீவனத்தில் சூபாபுல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பதும், சினை ஆட்டுக்கு அதைவிடக் குறைப்பதும் பாதுகாப்பானவை. முயலும் கோழியும் அசை போடும் விலங்குகள் அல்ல என்பதால், அவற்றுக்கு இதைத் தவிர்ப்பதே நல்லது.

கணக்கு எளிது. 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்குக் காய்ந்த எடையில் ஏறத்தாழ ஒரு கிலோ தீவனம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு தழை என்றால், பச்சையாக ஒன்றேகால் கிலோ இலை. எங்கள் எட்டு ஆடுகளுக்குப் பத்து கிலோ. தண்டோடு நிறுத்தால் இன்னும் கூடும். மீதிப் பங்குக்குப் புல்லும் வைக்கோலும் போட வேண்டும். முதல் நாளிலேயே முழு அளவைப் போடாமல், ஒரு பிடியில் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் உயர்த்த வேண்டும். கிளைரிசிடியாவின் வாடை புதிய ஆடுகளுக்குப் பிடிக்காது. முந்தைய நாள் மாலையே வெட்டி நிழலில் வாடவைத்துப் போட்டால் தின்னப் பழகிக்கொள்ளும். தழையைத் தரையில் கொட்டாமல் ஆட்டின் தலை உயரத்தில் கட்டாகத் தொங்கவிட்டால், மிதிபட்டு வீணாவதும் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் வயிற்றுக்குள் போவதும் குறையும். பலா, பூவரசு, கல்யாண முருங்கை ஆகியவற்றின் தழையையும் இடையிடையே கலந்து கொடுக்கலாம்.

தீவனமாக ஒருபோதும் கொடுக்கக் கூடாதவற்றுள் அரளிக்கு முதலிடம். சிங்கப்பூரில் சாலையோரம் நிழலுக்காக வைத்திருக்கும் பொங் பொங் மரமும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதயத்தை நிறுத்தும் நஞ்சு அதன் விதையில் உள்ளது. மரவள்ளி இலையில் சயனைடு உண்டாகும் என்பதால், அதை நன்றாக உலர்த்தாமல் போடக் கூடாது. சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கம் கால்நடைப் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல்: இங்குள்ள பூங்காவிலும் அரசு நிலத்திலும் அனுமதியின்றித் தழை ஒடிப்பது குற்றம், அந்த மரங்களுக்கு என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் மிஞ்சும் தழையை, வெயில் கிடைக்கும் நாளாகப் பார்த்து வெட்டி, நிழலில் தார்ப்பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்தி, தட்டி உதிர்த்துச் சாக்கில் கட்டி வைக்கலாம். கையால் நொறுக்கினால் சருகு ஒலி கேட்க வேண்டும். ஈரம் நின்றால் பூசணம் பிடித்துவிடும், பூசணம் பிடித்ததை எருக்குழியில்தான் கொட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு காணொளியில் பேசும்போது, ஆட்டைக் காட்டச் சொல்வதோடு கொட்டிலில் மிஞ்சிய குச்சிகளையும் காட்டச் சொல்லுங்கள். இலை முழுவதும் உருவப்பட்டுப் பட்டையும் கடிக்கப்பட்டிருந்தால் அளவு போதவில்லை. இலையோடு கிடந்தால், அடுத்த நாள் அந்த அளவு குறைத்து வெட்டினால் போதும்.