இலையில் இருந்த புரதச் சேர்க்கை குழாயில் ஏன் காணாமற் போகிறது?

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் நெல் இலையின் விளிம்பு வெளிறி, வைக்கோல் நிறமாகக் காய்ந்து வந்தால் சாந்தோமோனாஸ் பற்றீரியாவைத்தான் முதலில் சந்தேகிப்போம். அதை எதிர்க்கும் எக்ஸ்.ஏ.21 மரபணு 1995 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் புரதம் கலமென்சவ்வில் நின்று வெளிச் சைகையை உணரும் ஒரு வாங்கி. செர்க்2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. இலையை அரைத்து, ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரியால் பிடித்து, அதோடு ஒட்டி வரும் துணையை ஜெல்லில் பட்டையாகப் பார்ப்பதே (co-IP) இந்தச் சேர்க்கையைக் காட்டும் சோதனை. ஆனால் இப்படிப்பட்ட சேர்க்கைகள் தளர்வானவை, கெதியில் பிரிபவை. அவசரமும் கவனமும் ஒன்றாக வேண்டும்.

நேரத்தைத் தவறவிடுவதே முதற் பிழை. ஆய்வுகூடச் செடியான அராபிடொப்சிஸில் எஃப்.எல்.எஸ்.2 வாங்கி, பற்றீரியாவின் சவுக்குமுளைத் துண்டான எஃப்.எல்.ஜி.22 பட்ட உடனேயே பாக்1 என்ற துணைப் புரதத்துடன் சேர்கிறது. அந்தத் துண்டை 100 நனோமோலர் கொடுத்து 10 நிமிடத்தில் இலையைத் திரவ நைதரசனில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால், வாங்கியே கலத்துக்குள் இழுக்கப்பட்டிருக்கும். இலைத்தட்டு வெட்டினால் இரவு முழுக்க நீரில் மிதக்கவிட்டு, வெட்டுக் காயத்தின் எதிர்வினை அடங்கிய பிறகே தொடங்குங்கள். கரண்ட் போய் வளர்ப்பறை 28 பாகைக்கு மேல் ஏறியிருந்தால் அந்தச் செடிகளை விட்டுவிடுங்கள். பல எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் சூட்டில் தளர்ந்துபோகும். வன்னி வெயிலில் இது சின்ன விசயமல்ல.

அரைக்கும்போது உரலின் விளிம்பைப் பாருங்கள். வெளிர்பச்சைப் பொடி ஈரமாகிக் கடும்பச்சையாக ஒட்டத் தொடங்கினால் உருகிவிட்டது. புரதத்தை வெட்டும் நொதியங்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். உருகுமுன் 1 கிராமுக்கு 2 மில்லிலீற்றர் குளிர்ந்த தாங்கற் கரைசல் ஊற்றுங்கள்: திரிஸ் 50 மில்லிமோலர், பீ.எச். 7.5, சோடியம் குளோரைட்டு 150 மில்லிமோலர், கிளிசரோல் 10%, மென்மையான அழுக்ககற்றியான திரைற்றன் எக்ஸ்-100 1%, கூடவே நொதியத் தடுப்பிகள். அழுக்ககற்றி போடாவிட்டால் வாங்கி வண்டலோடு போய்விடும், கடுமையான அழுக்ககற்றியான எஸ்.டி.எஸ். போட்டாலோ சேர்க்கையே உடைந்துவிடும். கடைசியில் ஜெல்லில் ஏற்றுமுன் 95 பாகையில் கொதிக்க வைப்பதும் பிழை, மென்சவ்வுப் புரதம் திரண்டு ஜெல்லின் கிணற்றிலேயே நின்றுவிடும். 70 பாகை, 10 நிமிடம் போதும்.

உங்கள் புரதத்தோடு ஜி.எஃப்.பி. (பச்சையாய் ஒளிரும் அடையாளப் புரதம்) இணைத்திருந்தால், ஒப்பீட்டுக்கு வெறும் ஜி.எஃப்.பி. போதாது. அது கலக்கூழில் மிதப்பது. மென்சவ்வில் அமரும் எல்.ரி.ஐ.6பி–ஜி.எஃப்.பி. வையுங்கள், அதனோடும் பட்டை வந்தால் உங்கள் 'சேர்க்கை' வெறும் ஒட்டல். 50 கிலோடால்ரன் அருகே தெரியும் பட்டையையும் உடனே நம்பாதீர்கள்: புரதத்தைப் பிடிக்கப் போட்ட பிறபொருளெதிரியின் பாரச் சங்கிலியும் அங்கேதான் நிற்கும்.